கையொப்பமிடாதவர்களின் வீடு: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றும் 31ஆம் வாசகமும்

ரீச்சர், கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் என் அலுவலகப் படியேறி வந்தது 2023 ஏப்ரலில், வருடப்பிறப்பு விடுமுறை முடிந்த முதல் வேலைநாளில். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், கம்பனி அனுப்பிய கடிதங்கள், ஆங்கிலத்தில் 22 பக்க ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் மேலே மாவட்ட நீதிமன்றக் கட்டளையின் பிரதி. உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, என்னுடைய வழக்கைக் கேட்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். அப்படியானால் அது எதற்காக அங்கே இருக்கிறது?”

கட்டளையை வாசித்தேன். நீதிமன்றம் சொன்னது சரிதான். அதை ரீச்சருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. கணிதம் படிப்பித்தவர், காரணம் சொல்லாமல் விடைமட்டும் சொன்னால் ஏற்கமாட்டார்.

அந்த வீட்டின் கதையை ரீச்சரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களையும் கட்டடத்தையும் இனங்காண முடியாதபடி தொகை, தேதி போன்ற சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சட்டத்தை மாற்றவில்லை.

வாங்கிய விதம்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஓய்வுபெற்ற ரீச்சர், கணவர் இறந்தபின் காணித் துண்டொன்றை விற்றார். மிச்சத்தைத் தருவதாக ரொறன்ரோவில் இருக்கும் மகள் சொன்னாள். கொழும்பில் வீடு என்றால் நம்மவர்களின் வாயில் முதலில் வருவது வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்பத் தொடங்கிப் பல ஆண்டுகளாகின்றன. பெரும்பாலும் ஏற்பாடு இப்படித்தான் இருக்கும்: காணிக்காரர் காணியைக் கொடுப்பார், கம்பனி கட்டும். காணிக்காரருக்கு இரண்டோ மூன்றோ வீடு, மிச்சத்தைக் கம்பனி விற்கும். அதற்காகக் காணிக்காரர், தன் சார்பில் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தரும் அற்றோணித் தத்துவத்தைக் கம்பனிக்கு எழுதிக் கொடுப்பார். கட்டும் செலவில் ஒரு பங்கு வங்கிக் கடன். காணியே அதற்கு ஈடு. மற்றப் பங்கு, இன்னும் எழும்பாத சுவருக்குத் தவணை தவணையாகப் பணம் கட்டும் ரீச்சர் போன்றவர்களின் சேமிப்பு.

ஆக, ஒரு வீட்டின் தலைவிதியில் நான்கு பேருக்குக் கையிருக்கிறது: காணிக்காரர், கம்பனி, வங்கி, வாங்குபவர். ரீச்சரின் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள் இரண்டே பேர். இந்த வழக்கில் பிற்பாடு நடந்த அத்தனை சிக்கலும் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

2019 செப்டெம்பரில், கம்பனியின் விற்பனை அலுவலகத்தில், ஐந்தாம் மாடியில் மூன்று அறை வீடொன்றுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. விலை 2 கோடியே 85 இலட்சம் ரூபாய். அந்த ஆண்டு ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் விற்பனை படுத்திருந்ததால் விலைக்கழிவு கொடுத்ததாகவும் சொன்னார்கள். ஒப்படைப்பு 2021 டிசம்பர். சாட்சிகளாகக் கம்பனியின் ஊழியர்கள் இருவர் கையெழுத்து வைத்தார்கள். காணிப் பத்திரங்களான உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு யாரும் அங்கே இருக்கவில்லை. “பிறகு உறுதி எழுதும்போது நொத்தாரிசு வருவார்” என்றார்களாம்.

இருபதாம் பக்கத்தில் 31ஆம் வாசகம். தமிழில் இப்படி வரும்: இவ்வொப்பந்தத்திலிருந்தோ அது தொடர்பாகவோ எழும் எந்தப் பிணக்கும் நடுத்தீர்ப்பினால் மட்டுமே தீர்க்கப்படும், நடுத்தீர்ப்பாளர் ஒருவர், அவரைக் கம்பனியின் பணிப்பாளர் சபை நியமிக்கும், இடம் கொழும்பு, மொழி ஆங்கிலம், செலவு சரிபாதி.

இது என்ன என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். “அது மத்தியஸ்த சபை மாதிரி, ரீச்சர். பிரச்சினை வந்தால் இருந்து பேசித் தீர்ப்பது” என்று விற்பனை அலுவலர் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் வேண்டுமென்று பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் இயங்கும் மத்தியஸ்த சபை யார்மீதும் எதையும் திணிக்காது. இரு தரப்பும் இணங்கினால் இணக்கம், இல்லாவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். நடுத்தீர்ப்பு அப்படியல்ல. நடுத்தீர்ப்பாளர் சொல்வது தீர்ப்பு. மேல் நீதிமன்றத்தில் அதைப் பதிந்து நிறைவேற்றலாம். அதைக் கவிழ்ப்பதற்கான காரணங்கள் சட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தீர்ப்புக் கிடைத்த 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். நடுத்தீர்ப்பாளர் சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டார் என்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல.

சாத்திய கதவு

2020 பெருந்தொற்று. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டது. இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதைத் தொட்டது. சீமெந்துக்கும் கம்பிக்கும் விலை ஏறியது, டீசலுக்கு வரிசை. ஒழுங்கையில் ஏழு மாடிக் கொங்கிறீற் எலும்புக்கூடு ஒன்று கடற்காற்றில் நின்றது. ரீச்சர் அதற்குள் எண்பது வீதம், அதாவது 2 கோடியே 28 இலட்சம், கட்டி முடித்திருந்தார். ஜூலையில் கம்பனியின் கடிதம் வந்தது: 9ஆம் வாசகத்தின்படி பொருள் விலையேற்றத்துக்காக மேலும் 62 இலட்சம் கட்டவேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் இரத்து, கட்டிய பணம் வட்டியின்றித் திருப்பித் தரப்படும்.

ரீச்சருக்கு வாய்த்த முதல் சட்டத்தரணி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கம்பனி ஒரே ஒரு ஆட்சேபத்தோடு வந்தது: 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. நடுத்தீர்ப்புக்கு விடுவதாக இணங்கிய விடயத்தை ஒருவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், மற்றவர் ஆட்சேபித்தவுடன் நீதிமன்றத்துக்கு அதை விசாரிக்க அதிகாரம் இல்லை. ஆட்சேபிக்காவிட்டால் வழக்கு நடக்கும். சில சட்டத்தரணிகள் எதிர்த்தரப்பு கவனிக்காது என்ற நம்பிக்கையில் வழக்குப் போடுவதுண்டு. கம்பனிகளின் சட்டத்தரணிகள் ஒப்பந்தத்தில் முதலில் பார்ப்பதே இந்த வாசகத்தைத்தான். ஆறு மாதம் போனது அப்படித்தான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. இந்தியாவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதிமன்றம் தரப்பினரை நடுத்தீர்ப்புக்கு அனுப்பிவைக்கும். இங்கே அனுப்பிவைப்பதில்லை, கதவைச் சாத்திவிட்டு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்கிறது. அங்கே வீடு வாங்குபவர் நடுத்தீர்ப்பு வாசகம் இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2018இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. மகள் அதை இணையத்தில் கண்டு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அந்தத் தீர்ப்பு கொழும்பைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னபோது அவளுக்கு என்மீதுதான் கோபம்.

1840இல் எழுதிய சட்டம்

நான் கோப்பைக் கையேற்றதும் என் கண் போனது 31ஆம் வாசகத்துக்கல்ல, கடைசிப் பக்கத்துக்கு. நொத்தாரிசின் அத்தாட்சி இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இன்றுவரை உயிரோடிருக்கிறது: காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதற்கான ஒப்பந்தமும் நொத்தாரிசின் முன்னிலையிலும் ஒரே நேரத்தில் சமுகமளித்த இரு சாட்சிகளின் முன்னிலையிலும் எழுத்தில் கையொப்பமிடப்படாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலுவில்லை. குறைந்தபட்சம், வீட்டை எழுதித் தரும்படி அந்தக் கடதாசியை வைத்துக் கேட்கமுடியாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; அதை நீதிமன்றங்கள் நீண்ட காலமாக ஏற்றுவந்திருக்கின்றன.

மகளுக்கு உடனே ஒரு யோசனை. “ஒப்பந்தமே செல்லாது என்றால் 31ஆம் வாசகமும் செல்லாதுதானே, அங்கிள்? திரும்ப நீதிமன்றத்துக்கே போகலாமே?”

நல்ல கேள்வி. சட்டக் கல்லூரியில் பரீட்சைக்குப் போடலாம். ஆனால் விடை எதிர்மாறானது. நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நடுத்தீர்ப்பு வாசகத்தைத் தாய் ஒப்பந்தத்திலிருந்து பிரித்துத் தனி ஒப்பந்தமாகக் கருதுகிறது. தாய் செத்தாலும் பிள்ளை பிழைக்கும். அந்தப் பிள்ளைக்கு நொத்தாரிசும் வேண்டாம். எழுத்தில் இருந்தால் போதும்.

கம்பனி இதை எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். நீதிமன்றத்தில் “31ஆம் வாசகம் செல்லும், ஆகவே உங்களுக்கு அதிகாரமில்லை” என்றது. நடுத்தீர்ப்பில் “ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால் எழுதப்படவில்லை, ஆகவே வீடு தரவேண்டியதில்லை, பணத்தைத் தருகிறோம்” என்றது. கேட்கும்போது இரத்தம் கொதிக்கும். சட்டத்தில் இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கும். 22 பக்கங்களையும் எழுதித் தந்ததும் அவர்கள்தான், நொத்தாரிசைக் கூப்பிடாததும் அவர்கள்தான் என்பது நியாயத்தின் பக்கம் நிற்கும் வாதம். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அவ்வளவாகக் காதுகொடுப்பதில்லை.

பணத்தைத் திருப்பித் தருவது என்பது கேட்கத்தான் நியாயம். மகள் அனுப்பியது டொலர். கட்டிய காலத்து விலையில் 2 கோடியே 28 இலட்சம் ஏறக்குறைய 1,20,000 டொலர். கம்பனி திருப்பித் தர முன்வந்த நாளில் அதே ரூபாய் 63,000 டொலர்கூட இல்லை. அந்தப் பணத்துக்கு வெள்ளவத்தையில் ஓர் அறை வீடும் அகப்படாது. ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று நாங்கள் வாயே திறக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். கம்பனி அதைச் சொல்லட்டும். நாங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டே இருப்போம், அது முடியாவிட்டால் நட்டஈடு. பலவீனமான நிலைதான். ஆனால் கம்பனிக்கும் ஒரு பயம் இருந்தது: அதே கட்டடத்தில் இன்னும் பலரின் ஒப்பந்தத்திலும் நொத்தாரிசு இல்லை. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை.

நீதிபதியை எதிராளி தெரிவுசெய்தால்

2023 மேயில் நடுத்தீர்ப்புக் கோரி அறிவித்தல் கொடுத்தோம். இரண்டு கிழமையில் பணிப்பாளர் சபையின் நியமனக் கடிதம் வந்தது: ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர். நல்ல பெயருள்ளவர். ஆனால் அதே கம்பனியின் வேறொரு கட்டடத்துக்கு முன்னர் ஆலோசகராக இருந்திருக்கிறார். பந்தயக்காரரில் ஒருவரே நடுவரைக் கூட்டிவருவது எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டத்தில்கூட நடவாது.

நடுத்தீர்ப்பாளரின் சார்பின்மையையோ சுயாதீனத்தையோ பற்றி நியாயமான ஐயம் எழுந்தால் அவரை ஆட்சேபிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆட்சேபித்தோம். அந்த மனிதர் கண்ணியமானவர். கடிதம் கிடைத்ததும் தானாக விலகிக்கொண்டார். அடுத்ததாக யாரைப் போடுவது என்று மூன்று மாதம் இழுபறி. வாசகம் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் சட்டமே இடைவெளியை நிரப்பியிருக்கும்: மூன்று நடுத்தீர்ப்பாளர்கள், ஆளுக்கொருவர், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவர், 60 நாளில் நியமிக்காவிட்டால் மேல் நீதிமன்றம். வாய்பொத்தி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் வாசகம் வாய்திறந்து கெட்டது. மூன்று பேரின் கட்டணத்தை ரீச்சரால் தாங்கமுடியாது என்பதும் உண்மை. கடைசியில் இரு தரப்பும் ஓய்வுபெற்ற மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு இணங்கினோம். நிறுவன நடுத்தீர்ப்பாக இருந்தால் இந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். கொழும்பில் இலங்கை தேசிய நடுத்தீர்ப்பு மையம் போன்றவை விதிகளோடும் நியமன ஏற்பாட்டோடும் இயங்குகின்றன. 31ஆம் வாசகத்தில் எந்த மையத்தின் பெயரும் இல்லை.

அமர்வுகள் நவம்பரில் தொடங்கின. கொழும்பில் நடுத்தீர்ப்பு என்றால் எப்படி நடக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரிவதில்லை. சட்டத்தரணிகள் பகல் முழுவதும் நீதிமன்றத்தில். பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஒரு மண்டபத்தில் கூடுவோம். தேநீர், பட்டிஸ், இரண்டு மணி நேரம். சாட்சி ஒருவரின் குறுக்குவிசாரணை பாதியில் நிற்கும். அடுத்த அமர்வுக்கு எல்லோருடைய நாட்குறிப்பையும் பொருத்திப் பார்த்தால் ஐந்து வாரம் தள்ளிப் போகும். ஒவ்வோர் அமர்வுக்கும் நடுத்தீர்ப்பாளரின் கட்டணம், மண்டப வாடகை, தட்டச்சாளரின் கூலி. நீதிமன்றத்தில் நீதிபதிக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இங்கே ரீச்சர் கொடுத்தார். கம்பனி தன் பாதியைச் செலுத்தாமல் இரண்டு முறை இழுத்தடித்தது. அமர்வு நின்றுவிடக்கூடாது என்பதற்காக அந்தப் பாதியையும் ஒருமுறை ரீச்சரே கட்டினார். “செலவு சரிபாதி” என்ற இரண்டு சொல் கேட்கச் சமத்துவமாக இருக்கும். பணக்காரனுக்கும் ஓய்வூதியக்காரிக்கும் சரிபாதி சமமான பாரமல்ல.

ஆனாலும் நடுத்தீர்ப்பின்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி எங்களோடு ஐந்து மாடி படியேறி வந்திருப்பாரா தெரியாது. இவர் வந்தார். எழுபது வயதுக்காரர், கைத்தடியோடு ஏறி, சுவரில் தட்டிப் பார்த்து, கட்டடப் பொருள்களின் அளவையும் செலவையும் கணக்கிடும் கம்பனியின் கணிய அளவையாளரிடம் ஒரு கேள்வி கேட்டார்: “கூரை கொங்கிறீற் எப்போது போட்டீர்கள்?” 2021 ஒக்ரோபர் என்றார் அவர். அப்படியானால் கம்பிக்கும் சீமெந்துக்கும் 2022இன் விலையை எப்படிக் கேட்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. 62 இலட்சத்தின் முதுகெலும்பு அந்த மொட்டைமாடியில்தான் உடைந்தது. டொலர் ஏறியபின் உண்மையாகவே வாங்கியவை மின்தூக்கி, தரை ஓடுகள், மின்வயர், குளியலறைப் பொருட்கள். அவற்றுக்கான பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவரும்படி உத்தரவானது. 9ஆம் வாசகத்தில் உச்சவரம்பு இல்லாவிட்டாலும் செலவான காசுக்குக் கணக்கு காட்டவேண்டும் என்ற சாதாரண நியாயத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

தமிழ்ப் பத்திரிகையில் ஓர் அறிவித்தல்

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் நடுக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “தம்பி, எங்கள் ஒழுங்கையின் பெயர் பத்திரிகையில் வந்திருக்கிறது. வங்கி ஏலத்துக்குத் தீர்மானம் எடுத்திருக்கிறதாம்.”

பராட்டே. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குத் தந்திருக்கும் அதிகாரம்: கடன் நிலுவையானால் நீதிமன்றத்துக்குப் போகாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். தீர்மானம் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வரவேண்டும். கம்பனியும் சொல்லவில்லை, வங்கியும் சொல்லவில்லை. ரீச்சருக்குச் செய்தி சொன்னது காலைத் தேநீரோடு விரித்த பத்திரிகை.

நடுத்தீர்ப்பாளரிடம் இடைக்கால உத்தரவு கேட்கலாம். 13ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் யாருக்கு எதிராக? கம்பனி ஏலம் விடவில்லை. ஏலம் விடும் வங்கி 31ஆம் வாசகத்தில் கையொப்பமிடவில்லை. நடுத்தீர்ப்பாளரின் அதிகாரம் கையொப்பமிட்டவர்களோடு முடிந்துவிடுகிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வங்கியின் வாசலில் அவருடைய சொல்லுக்குப் பெறுமதியில்லை.

சரி, வங்கிக்கு எதிராக நீதிமன்றம் போகலாம். அங்கே 5ஆம் பிரிவு குறுக்கே வராது. போய் என்ன சொல்வது? வங்கியின் ஈட்டு உறுதி 2018இல் காணிப் பதிவகத்தில் பதிவானது. எங்களுடைய 22 பக்கத்துக்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. நொத்தாரிசு இல்லாத கடதாசியைப் பதிவகம் எடுக்காது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கட்டடத்தின் வரைபடம் இன்னும் பதிவாகவில்லை. அது பதிவாகும்வரை ஐந்தாம் மாடி வீடு சட்டத்தின் கண்ணில் தனிச் சொத்தே இல்லை, காணியின்மேல் நிற்கும் கொங்கிறீற்றின் ஒரு பகுதி மட்டுமே. ரீச்சர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்போது நான் பூச்சியத்தால் பெருக்கியிருக்கிறேன்.”

எங்களைக் காப்பாற்றியது எங்கள் வாதத்திறமை என்று எழுத ஆசைதான். உண்மையில் காப்பாற்றியது அரசியல். பொருளாதார நெருக்கடியில் சிக்கிய தொழில்முயற்சியாளர்களின் நெருக்குதலால் 2024இல் பராட்டே அதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. யாருக்காகவோ பெய்த மழையில் ரீச்சரின் வயலும் நனைந்தது. ஏலம் நின்றது. வங்கியும் ஆறுதலாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தது: பாதிக் கட்டடத்தை விற்பதைவிட முடித்த வீடுகளிலிருந்து வரும் பணம் கூட.

அதன்பின் நடந்த பேச்சில் வங்கியின் அதிகாரி ஒருவர் நடுத்தீர்ப்பு மண்டபத்துக்கே வந்து உட்கார்ந்தார், தரப்பாக அல்ல, விருந்தாளியாக. செப்டெம்பரில் இணக்கம்: மேலதிகமாக 62 அல்ல, 21 இலட்சம். மிச்சமிருந்த 57 இலட்சத்தோடு சேர்த்து 78 இலட்சத்தையும் ரீச்சர் கம்பனிக்கல்ல, நேரே வங்கிக்குக் கட்டுவது. அதைப் பெற்றதும் வங்கி அந்த வீட்டை மட்டும் ஈட்டிலிருந்து விடுவிப்பது. கம்பனி நொத்தாரிசு முன்னால் புதிதாக விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவது. காணிக்காரரும் அதில் கையொப்பமிடுவது. அவருடைய அற்றோணித் தத்துவத்தை மட்டும் நம்பியிருக்க நான் மறுத்துவிட்டேன், தத்துவம் கொடுத்தவர் எண்பது தாண்டியவர், அவர் கண்மூடினால் தத்துவமும் மூடிவிடும். இவ்வளவும் சேர்ந்து இணக்கத் தீர்ப்பாக 2024 நவம்பரில் வந்தது. வங்கி கையெழுத்திட்டது தனியான ஒரு மூன்று தரப்பு உடன்படிக்கையில்.

அறிவித்தலிலிருந்து தீர்ப்புவரை ஒன்றரை ஆண்டு. புதுக்கடையில் காணி வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது வேகம்.

இப்போது யாராவது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால்

வாசகத்தை வெட்டிவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. கம்பனி வெட்டாது, வெட்டினால் மாவட்ட நீதிமன்ற வரிசைதான் மிச்சம். நியமிக்கும் உரிமையை மட்டும் மாற்றச் சொல்கிறேன்: ஒரு மையத்தின் பெயரைப் போட்டு நியமனத்தை அதனிடம் விடுங்கள், அல்லது இரு தரப்பும் இணங்கி என்று எழுதுங்கள். இதற்குக் கம்பனிகள் நினைத்ததைவிடச் சுலபமாக இணங்குகின்றன, ஏனென்றால் வேறு யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. செலவில், தொடக்கக் கட்டணத்தைக் கம்பனி செலுத்தி, முடிவில் நடுத்தீர்ப்பாளர் பங்கிடட்டும் என்று எழுதக் கேட்கிறேன். இதற்கு முகம் சுளிப்பார்கள், பாதி நேரம் விட்டுக்கொடுப்பார்கள். நொத்தாரிசு இல்லாமல் முற்பணத்துக்கு மேல் ஒரு சதமும் கட்டவிடுவதில்லை. இதில் நான் இளகுவதே இல்லை.

எல்லாவற்றையும்விட முதலில் கேட்பது, காணி யார் பெயரில், யாருக்கு ஈடு என்பது. ஈட்டு வங்கியிடமிருந்து ஒரு கடிதம்: வாங்குபவர் முழுத்தொகையையும் கட்டினால் அவருடைய வீட்டை விடுவிப்போம் என்று. காணிக்காரர் ஒப்பந்தத்திலும் நடுத்தீர்ப்பு வாசகத்திலும் தரப்பாக வரவேண்டும். நடுத்தீர்ப்பாளருக்கு முன்னால் போட வேண்டிய நாற்காலிகளை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே எண்ணிவிட வேண்டும். பிணக்கு வந்த பிறகு யாரும் தாமாக வந்து உட்காரமாட்டார்கள்; எங்களுக்கு வந்த வங்கி அதிகாரி ஒரு அதிசயம்.

வெளிநாட்டுக் கம்பனிகளின் ஒப்பந்தங்களில் சிங்கப்பூரில் நடுத்தீர்ப்பு என்று சிலவேளை வருகிறது. தீர்ப்பை இங்கே நிறைவேற்றலாம், இலங்கை 1962இலேயே நியூயோர்க் சமவாயத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் வெள்ளவத்தைக் குளியலறையில் நீர் கசிவதைச் சிங்கப்பூரில் போய் முறையிட எத்தனை பேரால் முடியும்?

2025 ஜூனில் உறுதி எழுதினோம். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடியே 6 இலட்சத்துக்கு 12 இலட்சத்து 23 ஆயிரம். ரீச்சர் மனக்கணக்காகவே சொல்லி, நொத்தாரிசின் கணிப்பொறியை முந்திவிட்டார். மகள் வட்ஸ்அப்பில் இருந்து அழுதாள்.

கோப்பு இன்னும் மூடவில்லை. கீழ்த்தளத்தில் ரீச்சருக்குக் காட்டிய வாகனத் தரிப்பிடத்தில் இப்போது தண்ணீர்ப் பம்பி நிற்கிறது. பதிவான வரைபடத்தின்படி அந்த இடம் பொதுச் சொத்து. அதன் பொறுப்பு குடியிருப்பாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு. கூட்டுத்தாபனமோ 31ஆம் வாசகத்தில் கையொப்பமிடவில்லை, அந்த வாசகம் எழுதப்பட்டபோது பிறந்திருக்கவும் இல்லை. சென்ற வாரம் அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். ரீச்சரிடம் வாகனமும் இல்லை. “இருந்தாலும் அது என்னுடைய இடம், தம்பி” என்கிறார்.